மாக்கெட்டில வாங்கின பூசணிக்காயும் எங்கட வீட்டு நன்றியும்

2021 மாசி மாசம், திருகோணமலையில எங்கட சேர்ச்சில அறுப்பின் பண்டிகை. காலம ஆறு மணிக்கே மகனையும் ஓட்டோவில ஏத்திக்கொண்டு மாக்கெட்டுக்குப் போய் ஒரு பூசணிக்காய், ரெண்டு சீப்புக் கதலி வாழைப்பழம், ஒரு கட்டுக் கீரை வாங்கிட்டு வாறன், பூசணிக்காய்க்கு மேல வியாபாரி பேனையால நிறை எழுதி விட்டிருந்தார், நான் அத சாரித் தலைப்பால தேச்சுத் தேச்சு அழிக்கிறன், ஆக்கள் பாத்தா வெக்கமெல்லே. மகனுக்கு அப்ப ஒம்பது வயசு. அதப் பாத்துக்கொண்டே இருந்திட்டுக் கேட்டான், "அம்மா, நாங்க என்னத்த அறுத்தனாங்க?"

ஓட்டோக்காரத் தம்பி சிரிச்சிட்டார். நான் "பேசாம இருடா" எண்டன். அவ்வளவுதான் எனக்கு அப்ப வாயில வந்தது.

ஆனா அண்டைக்கு ஆராதனை முழுக்க அந்தக் கேள்வி தலைக்குள்ள கிடந்து குடைஞ்சுது. வருசா வருசம் நாங்க செய்யிறது இதுதான். மாக்கெட்டில வாங்குறது, பீடத்துக்கு முன்னால வைக்கிறது, ஆராதனை முடிய வேற யாரோ வாங்கி வச்ச தேங்காய ஏலத்தில நாங்க நாலு மடங்கு விலைக்கு எடுத்துக்கொண்டு வீட்ட வாறது. ஏலம் நல்ல பகிடிதான், காசும் சேர்ச்சுக்குப் போகுது, நான் அதக் குறை சொல்லல்ல. ஆனா நன்றி எங்க இருந்தது எண்டு பாத்தா, உண்மையா சொன்னா, என்ர சாரிக்குத்தான் அண்டைக்கு நான் கூட நேரம் செலவழிச்சிருக்கிறன்.

ஒருமுறை போதகர் ஐயா சொன்னவர், இப்ப நாங்க கொண்டாடுற மாதிரி சேர்ச்ச காய்கறியால சோடிச்சு அறுப்பு ஆராதனை வைக்கிற பழக்கத்த 1843ல இங்கிலாந்தில கோர்ன்வோல் பக்கம் மோர்வென்ஸ்டோ எண்ட ஊர்ப் பாதிரியார் ஒருத்தர்தான் தொடங்கி வச்சவராம். அங்க அது ஒக்டோபரில, குளிர் தொடங்கக்குள்ள. எங்களுக்கு ஒக்டோபர் எண்டா அப்பதான் பெரும்போகத்துக்கு வயல உழுது விதைக்கப் பாக்கிற நேரம், மழை எப்ப வரும் எண்டு வானத்தப் பாத்துக்கொண்டு நிக்கிற நேரம். அறுப்பு வாறது மாசி பங்குனியில. அதால நாங்க மாசியில வைக்கிறம், அதுதான் சரி.

கனடாவில இருக்கிற என்ர தங்கச்சியாக்களுக்கும் ஒக்டோபரிலதான், ரெண்டாவது திங்கக்கிழமை, தாங்ஸ்கிவிங். அவ வீடியோ கோலில வான்கோழியக் காட்டுவா, பூசணிக்காயில சுட்ட பை எண்ட பலகாரத்தக் காட்டுவா, பிறகு ஒரு போத்தலக் காட்டினா. "அக்கா, இதில ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தரும் நன்றி சொல்லுற ஒரு விசயத்தத் துண்டில எழுதிப் போடுறது, பிள்ளைகள் அப்படியே மாறிடுங்கள், நீயும் செஞ்சு பார்" எண்டா. நானும் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒண்டக் கழுவிக் காயவச்சு, ரிபன் கட்டி, மேசையில வச்சன். ஒரு மாசத்தால திறந்து வாசிச்சுப் பாத்தா மகன்ட துண்டில பதினாலு இடத்தில "வைஃபை" எண்டு கிடக்கு. மகள் அப்ப எழுதப் பழகுற வயசு, அவ எல்லாத் துண்டிலயும் பூனை கீறி வச்சிருந்தா. எங்களுக்குப் பூனையே இல்ல. இவர் (பிள்ளைகள்ட அப்பா) மூண்டே மூண்டு துண்டு போட்டிருந்தார், மூண்டிலயும் "சாப்பாடு".

போத்தல் இப்ப மிளகாய்த்தூளுக்குப் பாவிக்கிறம்.

எனக்கு விளங்கின முதல் விசயம் அதுதான். "நன்றி சொல்லு, நன்றி சொல்லு" எண்டு பிள்ளைகளப் பிடிச்சு உலுப்பினா அதுகள் எங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு சொல்லச் சொல்லிப்போட்டு ஓடுங்கள், அவ்வளவுதான். அதிலயும் ஆக்களுக்கு முன்னால "மாமிக்குத் தாங்ஸ் சொன்னீங்களா" எண்டு கேக்கிறது பிள்ளைக்காக இல்ல, எங்கட வளர்ப்ப மாமி மெச்சோணும் எண்டதுக்காக. நானும் நிறையச் செஞ்சிருக்கிறன், இப்பவும் சிலநேரம் வாயில வந்திடும்.

பிறகு 2022 வந்தது. அந்த வருசத்தப் பற்றி இலங்கையில யாருக்கும் நான் விளக்கத் தேவையில்ல. ஆனா எங்கட குடும்பத்துக்கு அது கேஸ் கியூவுக்கும் கரண்ட் கட்டுக்கும் முந்தியே வயலில தொடங்கிட்டுது. இவர்ட சித்தப்பா, நான் சின்ன மாமா எண்டு கூப்பிடுறவர், தம்பலகாமத்தில அஞ்சு ஏக்கர் செய்யிறவர். 2021 மே மாசம் ரசாயன உரம் இறக்குமதி செய்யக்கூடாதெண்டு அரசாங்கம் நிப்பாட்டினது, நவம்பரில திருப்பி விட்டது, ஆனா அதுக்குள்ள பெரும்போக விதைப்பு நடந்துகொண்டு இருக்கு, உரம் ஊருக்கு வந்து சேர எங்க. ஏக்கருக்கு இருபத்தெட்டு மூடை வாற காணி, அந்த முறை பதினொண்டு. வெட்டு மெசினுக்குக் குடுத்து, ஏத்துக்கூலி குடுத்து, கடன் கட்டினா ஒண்டும் மிஞ்சாது.

அந்த மாசியிலயும் அறுப்பின் பண்டிகை வந்தது. மாமா வழமையா ஒரு மூடை புதுநெல்லு கொண்டு வந்து வைப்பார், புதிர் எண்டு சொல்லுவாங்களே, முதல் நெல்லு, அத வீட்டில குத்திச் சோறாக்க முந்திக் கர்த்தருக்கு. வேதத்தில முதற்பலன் எண்டு இருக்கிறதும் எங்கட ஆக்கள்ட புதிரும் எனக்கு எப்பவும் ஒண்டாத்தான் தெரியும். அந்த முறை அவர் வரமாட்டார் எண்டுதான் நினைச்சம். வந்தார். ஒரு சின்ன உரப்பையில அஞ்சு கிலோ இருக்கும், கொண்டு வந்து வச்சார். சாட்சி சொல்லுற நேரம் அவரையும் எழுப்பி விட்டாங்க. என்ர மாமிக்கு (இவர்ட அம்மா) பயம், அவர் ஏதும் ஏடாகூடமாக் கதைச்சிடுவார் எண்டு, "ஸ்தோத்திரம் எண்டு மட்டும் சொல்லிட்டு இருங்கோ தம்பி" எண்டு பின் வாங்கில இருந்து மெதுவாச் சொல்லுறா.

அவர் எழும்பிச் சொன்னார், "இந்த முறை வெள்ளாமை சரியில்ல. எனக்குக் கோவம்தான், ஆண்டவரிலயும் கொஞ்சம் கோவம், ஆக்களிலயும் கோவம். விதைநெல்லு மட்டும் எடுத்து வச்சிட்டன். அதுக்கு நன்றி."

இருந்திட்டார். சேர்ச்சில ஒரு சத்தமில்ல. பிறகு யாரோ "ஆமென்" எண்டாங்க, அந்த ஆமென் மாதிரி ஒரு ஆமென் நான் முந்திக் கேட்டதில்ல.

மாமி வீட்ட வந்தும் புறுபுறுத்தா. ஆண்டவரில கோவம் எண்டு ஆராதனையில சொல்லலாமா எண்டு. நான் சொன்னன், மாமி, சங்கீதப் புத்தகத்த எடுத்துப் பாருங்கோ, எவ்வளவு முறைப்பாடு அதில, எதுவரைக்கும் கர்த்தாவே எதுவரைக்கும் எண்டு தாவீது கேக்கல்லையா. மாமி என்னப் பாத்தா. வாதத்தில தோத்தா மாமி உடன தேத்தண்ணி போடப் போயிடுவா, போனா.

அண்டையில இருந்து எங்கட வீட்டில ஒரு வழக்கம், ஞாயிறு இரவுச் சாப்பாட்டில முதல்ல முறைப்பாடு, பிறகுதான் நன்றி. யாருக்கு என்ன குறை இருந்தாலும் சொல்லலாம், யாரும் திருத்தக்கூடாது, "அப்படிச் சொல்லக்கூடாது, இல்லாத பிள்ளைகள நினைச்சுப் பார்" எண்டு பிரசங்கம் வைக்கக்கூடாது. மகன் கணித சேர பற்றிச் சொல்லுவான், மகள் அண்ணாவப் பற்றிச் சொல்லுவா, இவர் வேலையிடத்தில சம்பளம் பிந்தினதப் பற்றிச் சொல்லுவார், பிள்ளைகளுக்கு முன்னால அதச் சொல்லலாமா எண்டு எனக்கு முதல் யோசனையா இருந்தது, ஆனா அப்பாவுக்கும் கஸ்டம் இருக்கு எண்டு தெரிஞ்ச பிறகுதான் மகன் சப்பாத்து கேக்கிறத நிப்பாட்டினவன். குறையச் சொல்லி முடிச்ச பிள்ளைக்கு வாயில நன்றி லேசா வருது, ஏன் எண்டு எனக்கு வடிவா விளங்கப்படுத்தத் தெரியாது. வயித்துக்குள்ள கிடந்தது வெளிய போனாத்தானே சாப்பாடு இறங்கும், அது மாதிரி ஏதோ.

நன்றி சொல்லுற பகுதியும் மாத்தினம். "எதுக்கு நன்றி" எண்டு கேக்கிறத விட்டிட்டு "யாருக்கு" எண்டு கேக்கத் தொடங்கினம். கோப்பையில இருக்கிற ஒரு சாமானத் தெரிவு செய்யிறது, அது எங்கட கைக்கு வர எத்தின கை பட்டிருக்கு எண்டு பின்னால போறது. முதல் நாள் சோறு. சோறு வடிச்சது அம்மா, அரிசி தந்தது தம்பலகாமத்து அப்பப்பா, வெட்டினது மெசின் ஓட்டின அண்ணா, அவர் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள அண்ணா, நெல்லுக்குத் தண்ணி? கந்தளாய்க் குளம். அப்ப இவர் சொன்னார், நீங்க குடிக்கிற குழாய்த் தண்ணியும் அந்தக் குளத்துத் தண்ணிதான் எண்டு. பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம், மகள் கிளாசத் தூக்கிப் பிடிச்சு லைட்டில பாக்கிறா குளம் தெரியுதா எண்டு. இன்னொரு நாள் உப்பு எடுத்தம், அது நிலாவெளி உப்பளம் வரைக்கும் போச்சு, எங்கட பக்கத்து ஊருக்கு உப்புவெளி எண்டு பேர் ஏன் வந்திருக்கும் எண்டு மகன் அப்பதான் யோசிச்சான். மீன் எடுத்த நாள் கதை நீண்டு போச்சு, வாடைக் காத்து நேரம் கடலுக்குப் போகேலாம இருக்கிற ஆக்கள் அந்த மாசங்கள் என்ன சாப்பிடுவாங்க எண்டு மகள் கேட்டா, எங்களிட்ட விடை இல்ல. அடுத்த நாள் காலம மீன்காரர் வந்த நேரம் மகள் கேற்றடிக்கு ஓடிப்போய் அவரிட்டயே கேட்டா. அவர் சைக்கிள நிப்பாட்டி வச்சுப் பதில் சொன்னார், கடன்தான் பிள்ளை எண்டார். அதுக்குப் பிறகு நான் அவரிட்டப் பேரம் பேசுறதக் குறைச்சிட்டன். முழுசா விடல்ல, பழக்கதோசம்.

தயிர் எடுத்த நாள்தான் மாமி கதைக்கத் தொடங்கினா. தயிர் கிண்ணியாப் பக்கத்தில இருந்து வாறது. மாமி சொன்னா, 2009ல பாலம் திறக்கும் மட்டும் அந்தப் பக்கம் போக எண்டா பாதையிலதான் போகோணும் எண்டு, பிள்ளைகள் "பாதையிலதானே எல்லாரும் போறது" எண்டு முழிக்குதுகள், பிறகு பாதை எண்டா ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு தண்ணியில போற மிதவை எண்டு விளங்கப்படுத்தினா. அப்படியே கதை சுனாமிக்குப் போச்சு. 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள், மாமி சேர்ச்சுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கக்குள்ள தண்ணி. உடுத்த சாரியோட ஓடினதாம். அண்டைக்கு இரவு ஒரு கோயில் மடத்தில இருந்தவையாம், அங்க முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் அம்மா பெரிய சட்டியில பருப்பும் சோறும் கொண்டு வந்து தந்தவ, மாமிக்கு அவட பேர் கேக்கத் தோணல்ல. "பேர் கேக்காம விட்டிட்டனே" எண்டு மாமி இப்ப இருபது வருசத்துக்குக் கிட்டவாச் சொல்லிக்கொண்டு இருக்கிறா, எங்களுக்குத்தான் தெரியாம இருந்திருக்கு, நாங்க கேக்கல்ல.

உபாகமம் 26ல முதற்பலன் கூடையக் கொண்டு போற ஆள் சும்மா வச்சிட்டு வாறதில்ல, நாங்க எப்படி அலைஞ்சு திரிஞ்ச ஆக்கள், எப்படி எகிப்தில அடிமையா இருந்தனாங்க, எப்படி இங்க வந்து சேர்ந்தனாங்க எண்டு கூடைக்கு முன்னால நிண்டு கதை சொல்லோணும். பிறகு லேவியனோடயும் அந்நியனோடயும் சேர்ந்து சந்தோசப்படோணும். அந்தப் பகுதிய நான் எத்தினையோ முறை வாசிச்சிருக்கிறன், மாமி தயிர்க்கோப்பையோட இருந்து அந்தக் கதையச் சொன்ன நாளிலதான் ஏன் கூடையோட கதையும் வேணும் எண்டு பிடிபட்டது. வீட்டில பெரியாக்கள் இருந்தா, சும்மா விடாதேங்கோ, கேளுங்கோ. 1990ல சண்டை நேரம் எங்க ஓடினீங்கள், யார் இடம் தந்தது, என்ன சாப்பிட்டீங்கள் எண்டு கேளுங்கோ. அழுவினம், பரவாயில்ல. ஆனா படுக்கப் போற நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால கேக்காதேங்கோ, மகள் ரெண்டு நாள் என்னோட வந்து படுத்தவ.

மாமிட்ட இருந்து கிடைச்ச இன்னொண்டு பிடியரிசி. அவட சின்ன வயசில சேர்ச் வீடுகள் எல்லாத்திலயும் இருந்ததாம். உலைக்கு அரிசி அளந்த பிறகு அதில இருந்து ஒரு பிடி திருப்பி எடுத்து வேற பானையில போடுறது, மாசக் கடைசியில சேர்ச்சுக்கோ இல்லாத வீட்டுக்கோ. மிஞ்சினதில இருந்து குடுக்கிறதில்ல, சமைக்க முந்தியே எடுக்கிறது. லேவியராகமம் 19ல வயல் ஓரத்தத் தீர அறுக்காத, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு எண்டு இருக்கே, வயல் இல்லாத பொம்பிளைகள் அடுப்படியில கண்டுபிடிச்ச வயல் ஓரம் இது எண்டு எனக்கு ஒரு எண்ணம். 2022 வைகாசியில, அரிசி விலையக் கேட்டாலே தலை சுத்துற நேரத்தில மாமி இதத் தொடங்குவம் எண்டா, எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல், எங்களுக்கே பிடியரிசி தர ஆள் வேணும் எண்டு முணுமுணுத்தன். ஆனா கணக்குப் பாருங்கோ. மகள்ட சின்னக் கையால ஒரு பிடி அம்பது கிராம் வரும், ரெண்டு நேரம் சமைச்சா மாசம் மூண்டு கிலோ. எங்கட சோத்துப் பானையில அது குறைஞ்சதே தெரியல்ல. பக்கத்து ஒழுங்கையில தனிய இருக்கிற ஒரு வயசான அம்மாவுக்கு அந்த மூண்டு கிலோ பெரிய விசயம். முதல் முறை பிள்ளைகளத்தான் கொண்டு போகச் சொன்னன், சேர்ச் பேரும் சொல்லாத, எங்கட பேரும் சொல்லாத எண்டு. மகள் போய் "இது என்ர கை அரிசி" எண்டு சொல்லிப்போட்டு வந்தா. சரி விடுங்கோ.

ஒரு எச்சரிக்கை, பிடி எடுக்கிற வேலையப் பிள்ளையிட்டக் குடுங்கோ, நாங்க செஞ்சா அது இன்னொரு வீட்டு வேலையாப் போயிடும், ரெண்டு கிழமையில மறந்திடுவம்.

இனி பயற்றங்காய்க் கதை. 2022 கடைசியில மகன் தானாச் சொன்னான், அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு நாங்களே ஏதாவது வளர்ப்பம், மாக்கெட் பூசணிக்காய் வேணாம் எண்டு. எங்கட வளவு மணல், ஒண்டும் வராது, உரப்பையில மாட்டெருவும் செம்மண்ணும் போட்டு பயற்றை, கத்தரி, வெண்டி வச்சான். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முந்தித் தண்ணி. பயற்றை கம்பில ஏறிப் பூத்து வடிவா வந்தது. தை மாசம் பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் கொண்டு வந்து தரக்குள்ள அவனும் ஒரு பிடி வெண்டிக்காய் ஆய்ஞ்சு அவட தட்டில வச்சுக் குடுத்தான், வெறும் தட்டாத் திருப்பிக் குடுக்கக்கூடாதெல்லே, அது யாரும் சொல்லிக்குடுக்கல்ல.

பிறகு மான் வந்தது. திருகோணமலை ஆக்களுக்குத் தெரியும், எங்கட ஊரில கோட்டை மான்கள் ரோட்டில மாடு மாதிரித் திரியும், வெளியூர் ஆக்கள் நிண்டு படம் எடுப்பினம். எங்கட வீடு டச் பே பக்கம். ஒரு இரவுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. கத்தரி நடுத்தண்டு மட்டும் நிக்குது, வெண்டி இல்ல, பயற்றையில மேல எட்டாத இடத்தில இருந்த கொஞ்சம் மிச்சம். மகன் அழுதான், பதினொரு வயசுப் பெடியன், விம்மி விம்மி. நான் வாயத் திறந்து "பரவாயில்லடா, எல்லாத்திலயும் ஸ்தோத்திரம்" எண்டு சொல்லப் போனன், நல்ல காலம் சின்ன மாமாட ஞாபகம் வந்து வாய மூடிட்டன். அவன் பிறகு தானே ஃபோன் எடுத்து அவருக்கு அடிச்சுச் சொன்னான். அவர் என்ன சொன்னார் எண்டு கேட்டா, "யானை வந்தா எப்படி இருக்கும் எண்டு நினைச்சுப் பார் எண்டவர்" எண்டான், அழுகைக்குள்ளயே சிரிப்பு.

பண்டிகைக்கு ஆறு பயற்றங்காய் கொண்டு போனான். வாழைநாரால கட்டி. பெரிய பெரிய பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில அத வைக்க அவனுக்குக் கூச்சம், ஓரமா வச்சான். அண்டைக்குப் பிரசங்கம் பத்துக் குஸ்டரோகிகள், ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்ன கதை. வீட்ட போற வழியில மகன் சொல்லுறான், "மற்ற ஒம்பது பேரையும் ஏன் ஏசுறாங்க? இயேசுதானே போய் ஆசாரியருக்குக் காட்டுங்கோ எண்டு சொன்னவர், அவங்க சொன்னதச் செஞ்சவங்க. பிறகு வீட்ட ஓடியிருப்பாங்க, அம்மாவப் பாத்து எவ்வளவு காலம்." எனக்குப் பதில் இல்ல. ஆனா நான் வருசக்கணக்கா அந்தக் கதையால பிள்ளைகளுக்கு அடிச்சிருக்கிறன், நீ அந்த ஒம்பது பேரில ஒருத்தன் எண்டு. அத விட்டிட்டன்.

ஏலத்தில அந்த ஆறு பயற்றங்காயும் 850 ரூபாவுக்குப் போச்சு. எடுத்தது ஒரு வயசான ஐயா, எங்களோட பெரிசாப் பழக்கமில்ல, ஏலம் கூறினவர் மான் கதையச் சொல்லி விட்டிட்டார் போல. மகன் ஐயாவிட்டப் போய் நிண்டான், நான் தூர நிண்டு பாக்கிறன், போய்த் தாங்ஸ் சொல்லு எண்டு கண்ணால சைகை காட்ட வந்த கையக் கஸ்டப்பட்டு இறக்கினன். அவன் அவரிட்ட என்ன சொன்னவன் எண்டு பிறகு கேட்டன். "அது நார் கூடின பயற்றை, பிஞ்சா இல்ல, கறி வச்சா கூட நேரம் அவியோணும் எண்டு சொன்னன்" எண்டான்.

இந்த முறை திரும்ப வச்சிருக்கிறம். சுத்தி வலை அடிக்கச் சொல்லி ரெண்டு கிழமையாச் சொல்லுறன், இப்ப வயசு கூடக் கூட வாயும் கூட, "நீங்கதானே சொன்னீங்க ஓரத்தில உள்ளதத் தீர அறுக்கக்கூடாது எண்டு, வேலிப் பக்க வரிசை மானுக்கு" எண்டிட்டு ஃபோனோட படுத்திருக்கிறான். அது பக்தியா சோம்பலா எண்டு எனக்குத் தெரியல்ல, மாமி பக்தி எண்டுறா. வலை இன்னும் கடையிலதான் கிடக்கு.